இருபது மெத்தையும் ஒரு பட்டாணியும்

இருபது மெத்தைக்கு அடியில் ஒரே ஒரு பட்டாணி. அது உறுத்தி ராத்திரி முழுக்கப் புரண்டவள்தான் அசல் இளவரசியாம். ஆண்டர்சன் 1835-ல் எழுதிய கதை. குலத்துக்கு அத்தாட்சி நோகும் உடம்பு!

1959-ல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஒன்ஸ் அபான் எ மேட்ரஸ்' இந்த அத்தாட்சியைப் போட்டுக் கலாய்க்குது. இசை, ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் மகள் மேரி ராட்ஜர்ஸ். முந்தின வருஷம் பென்சில்வேனியாவில் ஒரு கோடை விடுதிக்காக எழுதிய குட்டி நாடகத்தின் பெரிய வடிவம் இது.

இதில் இளவரசி வினிஃப்ரெட் அகழியை நீந்திக் கடந்து, சொட்டச் சொட்ட வந்து நிற்கிறாள். வேஷம் கட்டியவர் கரோல் பர்னெட், கேட்கணுமா! மகனை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லாத ராணிதான் பட்டாணியை வைக்கிறாள். அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை நாட்டில் வேறு யாருக்கும் ஆகக்கூடாது என்பது சட்டம். அரண்மனைச் சீமாட்டி ஒருத்தியோ முழுகாமல் இருக்கிறாள். அவசரம் புரியுதா? அதனால் ராஜாவும் கோமாளியும் பாடகனும் சேர்ந்து மெத்தைக்குள் ஆயுதங்களைத் திணித்துவிடுகிறார்கள். வினிஃப்ரெட் தூங்கவில்லை, பாஸ்!

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆயுதங்களை எல்லாம் உருவிய பிறகும் அவளுக்கு என்னவோ உறுத்துது. இளவரசன் பட்டாணியை எடுத்ததும்தான் தூங்குகிறாள். அப்போ சோதனை சரிதானா? இந்த இடத்தில் நாடகம் பழைய கதையிடமே சரணடைந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோணுது.