சுண்ணக்கல்லும் ஆறு நாட்களும்: படைப்பு, கூர்ப்பு பற்றிய கிறிஸ்தவப் பார்வைகள்

ஊர்காவற்றுறையில் கிணறு வெட்டினால் அதிக ஆழம் போவதற்கு முன்பே சுண்ணக்கல் தட்டுப்படும். குடாநாட்டையும் தீவகத்தையும் தாங்கி நிற்கும் இந்தப் பாறை மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பான இடைவெளியில், கடலுயிர்களின் எச்சங்கள் படிந்து உருவானது. பாடசாலையில் இதைப் படிக்கும் பிள்ளை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆறு நாட் படைப்பைப் படிக்கிறது. எது சரி என்ற கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது முற்றிலும் புதிய விவாதமும் அல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், மேலைநாட்டு வானியலைக் கொண்டு புராணங்கள் கூறும் உலக அமைப்பை மறுத்தனர். செமினரி 1855இல் மூடப்பட்டது. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபின், அறிவியலின் கேள்வி விவிலியத்தை நோக்கியும் திரும்பியது.

கத்தோலிக்க நிலைப்பாடு

படைப்பு நாட்களை 24 மணி நேர நாட்களாகக் கொள்ளத் தேவையில்லை என்ற கருத்து, டார்வினுக்கு 14 நூற்றாண்டுகள் முன்னரே புனித அகுஸ்தீனாரிடம் இருந்தது. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றம் பற்றிய கூர்ப்பு ஆய்வுக்குத் தடையில்லை என்றார். ஆனால் ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என வலியுறுத்தினார். 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டதாக ஏற்றுக்கொண்டார்.

எழுத்தின்படி வாசிப்போர்

பல சுவிசேஷ, பெந்தெகொஸ்தே சபையினர் ஆதியாகமத்தை நேரடி வரலாறாக வாசிக்கின்றனர். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 17ஆம் நூற்றாண்டில் படைப்பின் ஆண்டைக் கி.மு. 4004 எனக் கணித்தார். பாறைப் படிவுகளுக்கு நோவா காலப் பெருவெள்ளத்தைக் காரணம் காட்டும் இன்றைய வாதம், 1961இல் அமெரிக்காவில் விற்கொம்ப், மொறிஸ் இருவரும் எழுதிய நூலின் பின் பரவலாகியது. புவியியலாளர்கள் இதை ஏற்பதில்லை.

இடையில் நிற்போர்

ஒவ்வொரு படைப்பு நாளும் ஒரு நீண்ட யுகம் என்பவர்கள் உண்டு. கூர்ப்பே கடவுள் படைத்த விதம் என்பவர்களும் உண்டு. மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் கொலின்ஸ் இரண்டாவது வகையினர்.

விசுவாசத்துக்கு எவ்வளவு முக்கியம்?

கருத்து வேறுபாட்டின் மையம் பூமியின் வயது மட்டுமல்ல, மரணமும்தான். ஆதாமின் பாவத்தால்தான் உலகில் மரணம் நுழைந்தது. அதை மறுத்தால் கிறிஸ்துவின் மீட்புக்கே பொருளில்லை என்பது முதல் தரப்பு. அவர்களுக்கு இது விசுவாசத்தின் அத்திவாரம். மனிதனுக்கு முன்பே உயிர்கள் இறந்தன என்பதற்கு நம் காலடிச் சுண்ணக்கல்லே சாட்சி. பவுல் பேசுவது மனித மரணத்தையும் கடவுளிடமிருந்து பிரிவதையும் பற்றி என்பது மறுதரப்பு.

போரில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு இது ஏட்டு விவாதம் அல்ல. மரணம் கடவுளின் விருப்பமல்ல என்ற போதனையில் ஆறுதல் கண்டவர்கள் உண்டு. அந்த ஆறுதலை இழக்காமலே கூர்ப்பை ஏற்கலாம் என்கின்றனர் மறுதரப்பினர்: சிலுவையும் உயிர்ப்பும் பூமியின் வயதில் தங்கியிருக்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

பிள்ளை கேள்வி கேட்டால் அதை அவநம்பிக்கை என்று அடக்கத் தேவையில்லை. பாடப்புத்தகம் அல்லது விவிலியம், இரண்டில் ஒன்றைக் கைவிடும்படி எல்லாத் திருச்சபைகளும் கேட்பதில்லை என்பதையாவது அது அறிந்திருக்க வேண்டும்.