பழவேற்காடு: துணி வணிகத்திலிருந்து சுற்றுலா வரை

1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம் அது. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். இன்றைய சுற்றுலாத் தொழிலின் தொடக்கமாகப் பலரும் இதைத்தான் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே பயணம், ஒரே விலை என்பதுதான் அன்றைய முறை.

இன்று நிலைமை வேறு. பறவை பார்ப்பவர்கள் ஒரு பக்கம், பழைய கோட்டைகளையும் கல்லறைகளையும் தேடிப் போகிறவர்கள் ஒரு பக்கம், கிராம வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இப்படித் தனி விருப்பம் உள்ள சிறு கூட்டத்தை வணிகவியலில் 'நிச் மார்க்கெட்' என்பார்கள். இந்த மூன்று வகையினருக்கும் ஏற்ற ஓர் ஊர் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் பழவேற்காடு!

டச்சுக்காரர்களின் காலம்

1610-ல் விஜயநகர அரசின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் இங்கே வணிகக் கிடங்கு அமைத்தனர். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது துணி. இந்தோனேசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்க வெள்ளியைவிட இந்தியத் துணிக்கு மதிப்பு அதிகம். இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள்களை ஐரோப்பாவில் விற்றார்கள். கட்டம் போட்ட கைலியை மலேசியாவில் இன்றும் 'காயின் பெலிக்கட்' என்கிறார்கள். பெலிக்கட் என்பது புலிக்காட், அதாவது நம் பழவேற்காடுதான்!

ஆனால் துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஏழைகளும் அடிமைகளாக இங்கிருந்து பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டனர். இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் வெறும் விளம்பரம்.

1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசம் போனது. சென்னை வளர வளர பழவேற்காடு மறக்கப்பட்டது.

இன்று மிஞ்சியிருப்பவை

கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு நிற்கின்றன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்புரைக்கல்லில் செதுக்கிய ராமாயணக் காட்சிகள் உண்டு. இவற்றோடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும்.

இவ்வளவு இருந்தும் ஊருக்கு என்ன வருமானம்? சென்னையிலிருந்து காலையில் வருகிறவர் மாலையில் திரும்பிவிடுகிறார். கல்லறையைப் பார்க்கலாம், கடற்கரையில் நடக்கலாம், மீன் வாங்கலாம். வந்தவர்களிடம் ஊர்க்காரர்கள் நேரடியாகக் காசு பார்த்த பெரிய சேவை படகுச் சவாரி ஒன்றுதான். மீன் குறைந்த நாட்களில் மீனவர்களுக்கு அது கை கொடுத்தது.

2011 டிசம்பர் 25

அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். உயிர்காப்பு உடைகள் இல்லை. அதன்பின் மாவட்ட நிர்வாகம் படகுச் சவாரிக்குத் தடை விதித்தது.

தடை அவசியமானதுதான். ஆனால் தேவை என்பது தடையால் மறைந்துவிடுவதில்லை. பூநாரை பார்க்க வருகிறவர் கரையில் நின்று திரும்ப மனமில்லாமல் படகு தேடுவார். வருமானம் வேண்டிய மீனவர் மறுக்கத் தயங்குவார். ரகசியமாக நடக்கும் சவாரியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவது யார்? அடுத்த விபத்துக்கு அதுவே வழி. உரிமம், ஆள் கணக்கு, உயிர்காப்பு உடை, பயிற்சி பெற்ற ஓட்டுநர் ஆகிய நான்கும் இருந்தால்தான் அதைத் தொழில் என்று சொல்ல முடியும்.

சிலிகா கற்றுத்தரும் பாடம்

சிலிகா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்ற கிராமம் உள்ளது. ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர் போன ஊர். பின்னர் அந்த வேட்டைக்காரர்களே பறவைகளின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். பறவை உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்ற நிலை வந்ததும் காவல் தானாக வந்தது.

பழவேற்காட்டு மீனவர்களுக்கும் இந்த ஒழுங்கு புதிதல்ல. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' என்னும் வழக்கம் அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. வலைக்கு முறை வைக்கத் தெரிந்தவர்களுக்குப் படகுக்கு முறை வைக்கத் தெரியாதா?

400 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரின் துணியில் கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு கடல் கடந்து போனது. இனி வரும் சுற்றுலாவின் லாபமாவது இந்த ஊரிலேயே தங்குமா? படகு யார் கையில் இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்தது அது.