பூம்புகார் முதல் வெண்மணி வரை: ஒருநாள் சுற்றுலா காட்டுவதும் காட்டாததும்

புதுச்சேரியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ தனி வண்டி அமர்த்திக்கொண்டு சோழமண்டலக் கடற்கரையை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. காலையில் பூம்புகார், வெயில் ஏறுவதற்குள் தரங்கம்பாடிக் கோட்டை, காரைக்காலில் சாப்பாடு, மாலையில் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும். வழிகாட்டி சொல்லும் கதையில் வணிகர்கள் வருவார்கள், அரசர்கள் வருவார்கள், டேனிஷ் கப்பல் தலைவன் வருவான். அந்தக் கப்பலில் மூட்டை ஏற்றியவர்கள் வரமாட்டார்கள். தோழர்களே, இந்தப் பாதையில் போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டாயம் போக வேண்டும். எங்கே வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும், நிறுத்திய இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பூம்புகாரில் எல்லோரும் பார்ப்பது 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை. அது நம் காலத்துக் கட்டடம். பழைய பட்டினத்தின் எச்சம் கீழையூரிலும் பல்லவனேசுவரத்திலும் இருக்கிறது. கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகு கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்தது. பல்லவனேசுவரத்தில் கிடைத்தது ஒரு பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்தபாதக் கல்லும். கண்ணகிக்கு ஏழடுக்கு மாடம் எழுப்பிய அரசு, இந்த விகாரைக்கு ஒரு வேலி போட்டதோடு நின்றுவிட்டது. மணிமேகலையின் ஊரும் இதுதான் என்பதைச் சுற்றுலாக்காரர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

தரங்கம்பாடிக்கு வருவோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஓவே கெட்டே என்பவர் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கினார்கள். சில ஆண்டுகளில் இங்கேயே அச்சுக்கூடம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1845இல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. இவ்வளவும் பலகையில் இருக்கும்.

பலகையில் இல்லாத பெயர் ஒன்று உண்டு: இராசநாயக்கன். படைவீரராக இருந்து மதம் மாறிய பறையர். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக ஊர் ஊராய் நடந்து சபைகளை வளர்த்தவர்களில் முக்கியமானவர். இந்தியரிலிருந்து ஒருவரைப் போதகராக்கலாம் என்று மிஷன் முடிவு செய்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. 1733இல் அபிஷேகம் பெற்றவர் வெள்ளாளரான ஆரோன். அடுத்து 1741இல் தியோகு. இராசநாயக்கனின் உழைப்பில் மிஷனரிகளுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். கடைசிவரை அவர் உபதேசியார்தான்.

அந்த ஆலயத்துக்குள்ளேயும் சூத்திரக் கிறித்தவர்களுக்கு ஒரு பக்கம், பறையர் கிறித்தவர்களுக்கு வேறு பக்கம் என்று இடம் பிரித்தே வைத்திருந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பெரும் கலகம். வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். கீர்த்தனைகளுக்காக நாம் போற்றும் வேதநாயக சாஸ்திரியாரும் தனி இருக்கைக்காக வாதாடியவர்தான். இன்று 'தலித் கிறித்தவர் என்று ஒன்று உண்டா' என்று கேட்பவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்து வந்து அந்த ஆலயத்தின் நடுவில் நிறுத்த வேண்டும்.

காரைக்காலில் பிரெஞ்சுத் தெருக்களைப் படம் பிடிப்பார்கள். அங்கிருந்து ரீயூனியன், மார்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் படத்துக்கு அர்த்தம் வரும். நாகையிலிருந்து பினாங்குக்குப் போன கப்பல்களும் அப்படியே. பண்ணையடிமை முறையிலிருந்து தப்ப அந்தக் கப்பல்தான் வழி என்று ஏறியவர்கள் உண்டு. அக்கரையில் காத்திருந்தது இன்னொரு பண்ணை.

நாகப்பட்டினம்தான் இந்தப் பயணத்தின் மையம். 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து இதைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சை நாட்டைச் சூறையாடின. அப்போது இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் விற்கப்பட்டார்கள். நெல் விளையும் பூமியில் சோற்றுக்காக மனிதன் விற்கப்பட்டான்.

அதற்கும் அறுநூற்றைம்பது ஆண்டு முன்னே போவோம். சிறீவிசய அரசர் மாறவிசயோத்துங்கவர்மன் நாகையில் சூடாமணி விகாரை எழுப்பினார். 1006 வாக்கில் ராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். பிடியானையை நடத்தி ஊரெல்லை குறித்ததாகச் சொல்லும் அந்தச் செப்பேடு இன்று நாகையின் பெயரால் அறியப்படவில்லை, 'லெய்டன் செப்பேடு' என்றே அறியப்படுகிறது. (அதே சிறீவிசயத்தின் மேல் 1025இல் ராசேந்திரன் படையெடுத்தது வேறு கதை.) எல்லா மதத்துக்கும் கொடுத்த வள்ளல் என்று ராசராசனைப் புகழ்வோர் இதைத்தான் காட்டுவார்கள். அவனது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டையும் நாம் காட்டுவோம். அதில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. விகாரைக்கு ஊர் கொடுத்த அரசின் கணக்கில், தீண்டத்தகாதோர் வாழும் இடம் ஏற்கெனவே ஊருக்கு வெளியே தனியாக அளக்கப்பட்டிருந்தது.

நாகையில் பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று, செங்கல்லால் மூன்று நிலையாக, 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். வால்டர் எலியட் 1846இல் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 1867இல் அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தார்கள். மண்ணுக்கடியில் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வேறு பல இடங்களுக்கும் போயின. ஊரில் மிச்சம் எதுவுமில்லை.

கோபுரம் இடிந்து முப்பத்தோரு ஆண்டு கழித்து, 1898இல், அயோத்திதாசர் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பறையர் என்று இழிக்கப்படுவோர் பூர்வ பௌத்தர், பௌத்தத்தை விடாததால் ஒடுக்கப்பட்டவர் என்றார். 1948இல் அண்ணல் அம்பேத்கரும் தீண்டாமையின் தோற்றம் பற்றிய நூலில் வேறு வழியாக இதே முடிவுக்கு வந்தார். அயோத்திதாசரின் ஒவ்வொரு சொல்லாராய்ச்சியையும் இன்றைய வரலாற்றாய்வு ஏற்காது. ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் இத்தனை விகாரைகள் இருந்த கரையில் அவற்றைக் கும்பிட்ட மக்கள் எங்கே போனார்கள் என்று முதலில் கேட்டவர்களில் அவர் ஒருவர். தோண்டியெடுத்த சிலைகளுக்கு எண் போட்டவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

ஆனைமங்கலம் இன்றைக்கும் கீழ்வேளூர்ப் பக்கத்தில் அதே பெயரோடு இருக்கிறது. அங்கே போனால் செப்பேட்டைப் பற்றி ஒரு பலகையாவது வேண்டும் என்று தோன்றும். கீழ்வெண்மணியும் அதே கீழ்வேளூர் வட்டாரம்தான். சுற்றுலா வண்டி வேளாங்கண்ணிக்குத் திரும்பிவிடுவதால் வெண்மணி அதன் பட்டியலில் வராது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இங்கே கூலிக்காகப் போராட வேண்டியிருந்தது. கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்கும், செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகை செசன்ஸ் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று உயர்நீதிமன்றம் விடுவித்தது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைக் கரையில் பிணங்களை அள்ளியவர்களும் பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள்தான். அக்கரைப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் அதையும் கேட்டுப் பாருங்கள்.

மாணவர் குழுவாகப் போவதானால் தனி வண்டி தேவையில்லை. மயிலாடுதுறையிலிருந்து பேருந்திலேயே போகலாம், ஆனால் ஒரு நாள் போதாது. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெண்மணிக்கு டிசம்பர் 25 அன்று போனால் மரியாதை செலுத்த வந்த கூட்டத்தோடு நிற்கலாம். வேறொரு நாளில் போனால் நினைவிடத்தில் உள்ள 44 பெயர்களையும் வயதுகளையும் நிதானமாகப் படித்துவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.