குரலின் பின்னே சென்றவர்கள்

ஜப்பானிய அசைபடத் தொடர்களை (அனிமே என்றே இன்று எல்லோரும் சொல்கிறார்கள்) ஆங்கிலக் குரலில் பார்க்கும் இளைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்து எந்தத் தொடரைப் பார்ப்பது என்பதை அவர்களுக்குக் கதையோ இயக்குநரோ முடிவு செய்வதில்லை. ஒரு குரல் முடிவு செய்கிறது. 1998இல் ஜப்பானில் வெளிவந்த 'கௌபாய் பீபாப்' தொடரின் நாயகன் ஸ்பைக்குக்கு ஆங்கிலத்தில் குரல் தந்தவர் ஸ்டீவ் ப்ளம். 2001 செப்டம்பரில் அத்தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. சோம்பலும் கசப்பும் கலந்த அக்குரலில் மயங்கியவர்கள், அவர் வேறெங்கே பேசியிருக்கிறார் என்று தேடிக்கொண்டு 'சாமுராய் சாம்ப்ளூ'வின் முரட்டு வாள்வீரன் மூகெனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து 'நருட்டோ'வின் ஒரோச்சிமாருவிடம். மூன்றும் வெவ்வேறு உலகங்கள். அவற்றை இணைத்த கயிறு ஒரு மனிதரின் தொண்டை.

எங்கள் திருப்பூரிலும் இந்த ரசனைக்கு ஆட்பட்டவர்கள் இருக்கிறார்கள். இது அந்நிய மோகம் என்று மூத்தவர்கள் கடிந்துகொள்வதையும் கேட்கிறோம். ஆனால் முகமறியாத குரலின் பின்னே செல்லும் பழக்கம் தமிழர்களுக்குப் புதிதன்று. எண்பதாண்டுகளுக்கு மேலாக நாம் இரவல் குரல்களைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். வேறுபாடு ஒன்றுதான்: அமெரிக்க இளைஞனுக்குத் தேடுவதற்கு ஒரு பெயர் கிடைத்தது. நமக்குப் பெரும்பாலும் அது கிடைக்கவில்லை.

பெயர் என்னும் இந்த விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்குத் தனியான அக்கறை உண்டு. 1920களில் இங்கே வேர்விட்ட பின்னலாடைத் தொழில், 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் தேடிவரத் தொடங்கிய பின்னர் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், கைமடிப்பவர், செக்கிங் பெண்கள், அயர்ன்காரர் என்று எத்தனையோ கைகள் பட்டு உருவாகும் சட்டையின் கழுத்தில், கடைசியில் ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனியின் லேபிள் ஏறுகிறது. செய்தவர் பெயர் சரக்கில் இராது என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத நியதி. இரவல் குரலின் வரலாறும் இதே நியதியின் வரலாறுதான்.

தமிழில் பின்னணிப் பாட்டின் முன்னோடியாகச் சொல்லப்படுவது ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' (1938). நடித்தவர் ஒருவர், பாடியவர் லலிதா வெங்கட்ராமன். அடுத்த அடியையும் மெய்யப்பனே எடுத்து வைத்தார். 1943இல் கன்னடத்தில் வெளிவந்த 'ஹரிச்சந்திரா'வை மறு ஆண்டே தமிழ் பேச வைத்தார். இந்திய மொழி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒலிமாற்றம் செய்யப்பட்ட முதல் படமாக அது கருதப்படுகிறது. பின்னர் 1950களில் இந்திப் படங்கள் வரிசையாகத் தமிழ் பேசின. ராஜ் கபூரின் 'ஆஹ்' தமிழில் 'அவன்' ஆயிற்று. 'உடன் கடோலா' 'வானரத'மாயிற்று. 1960இல் வெளிவந்த 'முகலே ஆஸம்' மறு ஆண்டு 'அக்பர்' என்ற பெயரில் வந்தது. இப்படங்களின் தமிழ்ப் பாடல்களை எழுதியவர் கவிஞர் கம்பதாசன். திலீப் குமாரின் உதடசைவுக்குத் தமிழ்ச் சொல் தேடுவது எளிய வேலையாக இருந்திருக்காது.

இந்த வேலையின் நுட்பத்தை அறியத் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டினாலே போதும். பகரமும் மகரமும் இதழ்கள் இரண்டும் கூடப் பிறப்பவை. திரையில் வாய் மூடும் இடத்தில் அவற்றுள் ஒன்று வந்தாக வேண்டும். வாய் திறந்திருக்கும் இடத்தில் வந்துவிட்டால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். பொருளும் மாறக்கூடாது, நீளமும் மிஞ்சக்கூடாது, மூச்சும் நடிகருடைய மூச்சோடு ஒட்டவேண்டும். அளவு எடுத்துத் துணி வெட்டுபவனுக்கு இந்தச் சங்கடம் புரியும். இன்னொருவர் உடம்புக்குத் தைப்பதைப் போல, இன்னொருவர் வாய்க்குப் பேசுவது.

பின்னணியில் பாடியவருக்கும் பின்னணியில் பேசியவருக்கும் தொடக்கத்தில் ஒரே கதிதான். 1949இல் 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'காமினி' என்று கதாபாத்திரத்தின் பெயர் இருந்தது. பாடியவர் லதா மங்கேஷ்கர். யார் இந்தப் பெண் என்று கேட்டு நேயர்கள் வானொலிக்கு எழுதிக் குவித்த பிறகே அவர் பெயர் வெளியே வந்தது. அந்த நிகழ்ச்சி நம் விவாதத்துக்கு முக்கியமானது. பெயரைப் பெற்றுத் தந்தது கேட்டவர்களின் ஆவல். அதன்பின் பாடகர்களின் நிலை வேகமாக மாறியது. 1968ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில், சிறந்த பின்னணிப் பாடகி என்ற முதல் விருதை 'உயர்ந்த மனித'னுக்காக பி. சுசீலா பெற்றார். பின்னணியில் பேசுபவருக்குத் தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் இடம் உண்டு; தேசிய விருதுகளில் இன்றளவும் தனிப் பிரிவு இல்லை.

பாட்டைக் கேட்டவர்கள் பெயரைக் கேட்டார்கள். வசனத்தைக் கேட்டவர்கள் ஏன் கேட்கவில்லை? பாட்டு படத்தை விட்டு வெளியே வந்து, வானொலியில் தனித்து நிற்கும். பேச்சு முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த முகத்தின் சொந்தக் குரலே அது என்று நாம் நம்புவதில்தான் பேசியவருடைய வெற்றி இருக்கிறது. வேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்கு ஆள் மறைந்துபோகிறார்.

எனினும் குரலைத் தனியே பிரித்தறியும் காதுகள் இங்கே இருந்தன. பனியன் கம்பெனியில் கையும் கண்ணும் ஊசிமுனையில் கட்டுண்டு கிடக்கும். ஓய்வாக இருப்பது காது ஒன்றே. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை தமிழகமெங்கும் ஒலித்த காலத்தில், கே.எஸ். ராஜாவின் அறிவிப்பைக் கேட்டே ஒரு படத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் ஏராளம். வானொலியின் ஒலிச்சித்திரங்களில் முகங்கள் இல்லாமல் வசனம் மட்டுமே வரும். படத்தைப் பார்க்குமுன் காதால் கேட்டு முடித்த தலைமுறை அது. ஒரு குரலின் பின்னே போய்ப் புதியதொரு படைப்பைக் கண்டடைவது என்ற பழக்கத்துக்குத் தமிழில் விதை விழுந்தது அங்கேதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

1982இல் கொங்குநாட்டுக்காரரான கோவைத்தம்பி தயாரித்த 'பயணங்கள் முடிவதில்லை' மோகனை நட்சத்திரமாக்கியது. 1980களில் மோகன் நடித்த படங்களில் பெரும்பாலானவற்றில் அவருக்காகப் பேசியவர் எஸ்.என். சுரேந்தர், பாடியவர்களில் முதன்மையானவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். ஆக, ஒரு நடிகருக்குள் மூன்று பேர். பாலசுப்ரமணியத்தின் பெயரை ஊரே அறியும். 'மௌன ராக'த்தில் அந்த நிதானமான கணவனின் குரலுக்கு உருகியவர்களில் எத்தனை பேர் சுரேந்தர் என்ற பெயரை அன்று அறிந்திருந்தார்கள்?

அடுத்த பத்தாண்டில் இந்த மறைவு இன்னும் விசித்திரமாயிற்று. 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும், 'காதல'னில் (1994) பிரபுதேவாவுக்கும், 'காதல் தேச'த்தில் (1996) அப்பாஸுக்கும் பேசியவர் ஒருவரே. 'சேது' (1999) வெளிவந்த பிறகுதான் விக்ரம் என்ற அந்த மனிதரின் முகம் தமிழர்களுக்கு நிலைத்தது. பழைய படங்களைத் திரும்பக் கேட்டவர்கள், தாங்கள் பல ஆண்டுகளாக அவரை அறிந்திருந்ததை அப்போது உணர்ந்தார்கள். நடிகை ரோகிணியின் குரலும் அப்படியே. 'பம்பாய்' (1995) மனீஷா கொய்ராலாவிலிருந்து 'இருவர்' (1997), 'ராவணன்' (2010) ஐஸ்வர்யா ராய் வரை அக்குரல் தொடர்ந்து வந்தது. சிம்ரனுக்கு சவிதா, த்ரிஷாவுக்கு சின்மயி, நயன்தாராவுக்கு தீபா வெங்கட் என்று நாயகியர் பலரின் திரைத்தமிழ் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறந்தது. கொங்குத் தமிழ் அந்தக் கூடங்களுக்குள் அதிகம் நுழையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாயகி 'வாங்க' என்பாள். 'வாங்கோ' என்பதும் 'ஏனுங்' என்பதும் நகைச்சுவைக்கென ஒதுக்கப்பட்டன. 'சதிலீலாவதி'யில் (1995) கோவை சரளா தம் சொந்தக் குரலிலேயே அந்த வழக்கைப் படத்தின் உயிராக்கிக் காட்டியது விதிவிலக்கு.

பெயர் இல்லாமையின் விலை என்ன என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். 1993இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. நாகவல்லி என்ற தமிழ் நாட்டியக்காரியின் ஆவி பிடித்தவளாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்காவின் குரல் மலையாளக் கலைஞர் பாக்யலட்சுமியுடையது. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அதைப் பேசியவர் தமிழ்க் குரல் கலைஞர் துர்கா என்று இயக்குநர் ஃபாசில் எழுதி வெளிப்படுத்தியது 2016இல்தான். தென்னிந்தியத் திரையின் மிகப் புகழ்பெற்ற குரல்களுள் ஒன்று யாருடையது என்பது தெளிவாக இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. துர்காவின் குரலில் மயங்கி, அவர் வேறெதில் பேசியிருக்கிறார் என்று தேட விரும்பிய ரசிகனுக்கு அத்தனை காலமும் கதவு அடைபட்டே இருந்தது.

புத்தாயிரத்தில் குழந்தைகளின் தொலைக்காட்சி தமிழ் பேசத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி வந்தது. அதில் ஓடிய 'ஜாக்கி சான் சாகசங்கள்' அமெரிக்கத் தயாரிப்புதான் என்றாலும், அதன் தமிழ்க் குரல்களை இன்றைக்கும் அப்படியே பேசிக்காட்டும் முப்பது வயதுக்காரர்கள் உண்டு. ஹங்காமாவில் ஜப்பானியச் சிறுவன் ஷின்சான் தமிழில் குறும்பு செய்தான். ஜப்பானில் அச்சிறுவனுக்கு 1992 முதல் 2018 வரை பேசியவர் அகிகோ யாஜிமா என்பதைத் தேடினால் உடனே அறியலாம். அங்கே குரல் நடிப்பவரைச் 'செய்யூ' என்று தனிப்பெயர் இட்டு அழைக்கிறார்கள்; அவர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளிகளும் இதழ்களும் உண்டு. தமிழ் ஷின்சானின் குரலோ நம் பிள்ளைகளுக்குப் பெயரற்றதாகவே வந்து சேர்ந்தது. இந்தியாவில் 2004இலிருந்து 2017 வரை ஒளிபரப்பான அனிமேக்ஸ் அலைவரிசை ஆங்கிலக் குரலில் தொடர்களைத் தந்தது. அதன் வழியே அனிமேவுக்குள் நுழைந்தவர்கள் ஆங்கிலக் கலைஞர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வதும், தங்களுக்குத் தாய்மொழியில் கதை சொன்னவரின் பெயரை அறியாதிருப்பதும் இதனால்தான். அவர்களை நொந்து பயனில்லை. லேபிளில் இருப்பதைத்தான் யாரும் படிக்கமுடியும்.

நிலைமை மெல்ல மாறிவருகிறது. அண்மை ஆண்டுகளில் அனிமே தொடர்கள் தமிழ்க் குரலிலும் முறையாக வரத் தொடங்கியுள்ளன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் திரையரங்குகளிலேயே தமிழ் பேசியது. சில இணையத் திரைத்தளங்கள் படத்தின் முடிவில் ஒவ்வொரு மொழிக்கும் குரல் தந்தவர்களின் பட்டியலைத் தனியே காட்டுகின்றன. அதே வேளையில் பெயருக்கு உரிமை கோருவது எவ்வளவு கடினம் என்பதையும் பார்த்தோம். 2018 நவம்பரில் சின்மயி ஒலிமாற்றக் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்றது சங்கம். பாலியல் புகார்களைப் பற்றித் தாம் பேசியதற்கான பழிவாங்கல் என்றார் அவர். 'லியோ'வில் (2023) த்ரிஷாவுக்காக அவர் மீண்டும் பேசினார்.

இப்போது புதிய கேள்வி வந்திருக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தின் பாடலொன்றில் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுக்கப்பட்டன. குடும்பத்தாரின் ஒப்புதலும் உரிய ஊதியமும் பெற்றே செய்ததாக ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார். அவர்கள் பெயருள்ளவர்கள், ஒப்புதல் கேட்க ஒரு வாசல் இருந்தது. நாற்பதாண்டுகளாகப் பெயரின்றிப் பேசியவரின் குரலை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? முன்பு பெயர் என்பது கௌரவத்தைச் சார்ந்ததாக இருந்தது. இனி அது சொத்துரிமையைச் சார்ந்ததும்கூட.

ஆகவே, ஒரு குரலின் பின்னே தொடர் தொடராகப் போகும் இளைஞர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 'மஹல்' காலத்து நேயர்கள் செய்ததை அவர்கள் இன்று செய்கிறார்கள். அதே கேள்வியைத் தமிழ்க் குரல்களைப் பற்றியும் அவர்கள் கேட்கத் தொடங்கவேண்டும். படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் பட்டியலைப் பார்க்கவேண்டும். பெயர் இல்லையென்றால் எழுதிக் கேட்கவேண்டும். துர்காவின் பெயரை அறிந்துகொண்ட பிறகு 'மணிச்சித்ரதாழ்' படத்தை மறுபடி ஒருமுறை பார்ப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம்.