குழந்தையில்லாத துக்கம்: காரணமா, விளைவா?

"மனசை ரிலாக்ஸா வச்சுக்கோ, தானா நிக்கும்." கல்யாணமாகி மூன்று நான்கு வருஷம் ஆகியும் குழந்தை இல்லாத அக்காக்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் வசனம் இது. கேட்க பாட்டி வைத்தியம் மாதிரி இருந்தாலும், ஒரு காலத்தில் அமெரிக்க மருத்துவர்களே இதைப் பெரிய தத்துவமாகப் பேசியிருக்கிறார்கள். நான் பி.காம் மாணவி, டாக்டர் இல்லை. ஆனாலும் படிக்கப் படிக்கக் கோபம் வந்ததால் எழுதுகிறேன்.

ஃபிராய்டின் சிஷ்யை ஹெலன் டாய்ச் 1935-ல் வியன்னாவிலிருந்து பாஸ்டனுக்குக் குடிபோனவர். பெண்களின் உளவியல் பற்றி 1944, 1945-ல் இரண்டு பாகங்களாகப் பெரிய நூல் எழுதினார். அவரும் அவர் வழி வந்த உளப்பகுப்பாய்வாளர்களும் சொன்னது இதுதான்: உடம்பில் குறை தெரியாத பெண்ணுக்குக் கரு நிற்கவில்லை என்றால், அவள் ஆழ்மனதில் தாய்மையைக் கண்டு பயப்படுகிறாள். 1950-களில் இது மருத்துவ இதழ்கள் வரை போனது.

யோசித்துப் பாருங்கள்... குழந்தை வேண்டும் என்று ஏங்கி டாக்டரிடம் போனவள், "உள்ளுக்குள் உனக்கே குழந்தை வேண்டாம்" என்ற பட்டத்தோடு வீடு திரும்புகிறாள். அழுதால், அந்த அழுகையும் காரணக் கணக்கில் ஏறிவிடும். எங்கள் பாஷையில் சொன்னால், பற்று எழுத வேண்டியதை வரவில் எழுதிய கதை. (ஏறக்குறைய பாதி தம்பதிகளில் ஆணிடமும் குறை இருக்கிறது என்பது இன்று தெரிந்த விஷயம். ஆனால் கணவரின் ஆழ்மனதை யாரும் அவ்வளவாகத் தோண்டியதாகத் தெரியவில்லை!)

அன்றைக்கு உள்ளே பார்க்கக் கருவிகள் குறைவு. 1960-களில் இங்கிலாந்தில் பேட்ரிக் ஸ்டெப்டோ, வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபியைப் பரப்பினார். ஹார்மோன் பரிசோதனைகளும் வந்தன. அடைத்த கருக்குழாய்களும் எண்டோமெட்ரியோசிஸும் கண்ணுக்குத் தெரியத் தெரிய, "மனசுதான் காரணம்" பட்டியல் சுருங்கியது. ஸ்டெப்டோவிடம் வந்த லெஸ்லி பிரவுனுக்கும் கருக்குழாய் அடைப்புதான். ஒன்பது வருஷம் காத்திருந்து மனச்சோர்வில் விழுந்த அவருக்கு, 1978 ஜூலை 25-ல் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிறந்தாள். அடைப்பு முதலில், சோர்வு பிறகு.

என்னை அதிகம் பாதித்தவர் பார்பரா எக் மென்னிங். மாசசூசெட்ஸில் நர்ஸ், தானும் குழந்தையின்மையை அனுபவித்தவர். 1974-ல் தன்னைப் போன்றவர்களைச் சமையலறை மேசையைச் சுற்றி உட்காரவைத்து 'ரிசால்வ்' அமைப்பைத் தொடங்கினார். மறுப்பு, கோபம், தனிமை, குற்ற உணர்ச்சி என இது ஒரு முழு இழவுத் துக்கம் என்றார் அவர். ஆனால் இந்த இழவுக்குப் பிணம் கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

1993-ல் ஆலிஸ் டோமர் குழுவினர் இதை அளந்தே காட்டினார்கள். குழந்தையில்லாப் பெண்களின் கவலையும் மனச்சோர்வும் புற்றுநோய், இதய நோயாளிகளின் அளவுக்கு இருந்தன.

அந்த ரிலாக்ஸ் வசனத்துக்குப் பதில் 2011-ல் வந்தது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி போய்வினும் சக ஆய்வாளர்களும் 14 ஆய்வுகளை, மொத்தம் 3,583 பெண்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் மனம் எவ்வளவு கலங்கியிருந்தது என்பதற்கும் அந்தச் சுற்றில் கரு நின்றதா இல்லையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை.