சுவாமி வெள்ளியும் பேரில்லாத பத்தர்களும்

மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ்னு சொன்னா நம்ம பசங்களுக்குக் கைக்கடிகாரம்தான் ஞாபகம் வரும். ஆனா வெளிநாட்டு ஏலக்கடைகளில் அந்தப் பேருக்கு மவுசே வேற. அங்கே அதை 'சுவாமி வெள்ளி'ன்னு தேடித்தேடி வாங்குறாங்க.

அதென்ன சுவாமி வெள்ளி? வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு டீ கெட்டில், தட்டு, ப்ரூச், காப்பு... எல்லாத்துலயும் நம்ம சாமி உருவங்கள். வடிவம் விக்டோரியா காலத்து லண்டன், வேலைப்பாடு சுத்தமா நம்மூரு. மெல்லிய தகட்டை அரக்கு மேல வச்சு, உளியும் சுத்தியலுமா பின்னாலிருந்து தட்டித்தட்டி உருவத்தைப் புடைக்க வைக்கணும். அப்புறம் முன்பக்கம் திருப்பி, கண், மூக்கு, கிரீடம்னு நுணுக்கம் செதுக்கணும். ஒரு தட்டு தப்பினா தகடு கிழியும். நம்ம மாதிரி 'அன்டூ' பட்டனெல்லாம் கிடையாது :-)

1875-76இல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) இந்தியா வந்தார். அவருக்குக் கிடைத்த பரிசுகளில் பி.ஆர் கடையின் சுவாமி டீ செட்டும் ஒண்ணு. ஊர் திரும்பினதும் பரிசுகளை லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். சுவாமி நகைகளுக்கு அங்கே கிராக்கி கூடிப் போச்சு.

சரி, செஞ்சது யாரு? பொருளைத் திருப்பிப் பார்த்தா கடை முத்திரை இருக்கும். தட்டின பத்தர் பேரு பெரும்பாலும் இருக்காது.

இங்கதான் எனக்கு அரிசோனாவின் ஹோப்பி பழங்குடி ஞாபகம் வருது. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பின ஹோப்பி வீரர்களுக்கு 1947இல் பால் சாஃப்கியும் ஃப்ரெட் கபோட்டியும் வெள்ளி வேலை சொல்லிக் கொடுத்தாங்க. 1949இல் சொந்தமா கூட்டுறவுச் சங்கமே ஆரம்பிச்சாச்சு. மேல் தகட்டுல உருவத்தை வெட்டி, கீழ்த் தகட்டோட பத்தவச்சு, பள்ளத்தைக் கருக்குறது அவங்க பாணி. முக்கியமான விஷயம், ஒவ்வொரு கலைஞருக்கும் தனி முத்திரை. சார்லஸ் லோலோமா டர்க்காய்ஸ் கல் பதிச்ச நகையை இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லித்தான் வாங்குறாங்க.

அம்பத்தூர் எஸ்டேட்டுல உக்காந்து நான் அடிக்கிற பத்து வரி கோடுக்குக்கூட யார், எப்போ மாத்தினாங்கன்னு கணக்கு இருக்கு. இளவரசர் மேசைக்குப் போன வெள்ளிக்கு இல்லை. திறமை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். முத்திரை யார் கையில இருந்ததுங்கிறதுதான் வித்தியாசம்.

ஆவடியோ பூந்தமல்லியோ, உங்க தெருப் பத்தர் கடைப் பெரியவர்கிட்ட தாத்தா பேரு, அவர் செஞ்ச வேலையெல்லாம் கேட்டு ஒரு பதிவு போடுங்க மக்களே. அந்தப் பேராவது மிஞ்சட்டும்.