மாஞ்சோலை: 99 ஆண்டுக் குத்தகையும் குடியிருந்தவர்களின் உரிமையும்

பெருநாள் விடுமுறையில் மேலப்பாளையத்திலிருந்தும் பொட்டல்புதூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மணிமுத்தாறு அருவிக்குப் போகிறோம். அருவிக்கு மேலே ஏறும் மலைப்பாதை மாஞ்சோலைக்குச் செல்கிறது. அங்கே நான்கு தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களுக்கு ஏன் சொந்த வீடு இல்லாமல் போனது என்பதை நம்மில் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. வாடகை வீட்டிலும், வக்ஃபு இடத்திலும், அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வாழும் நமக்கு அதில் அறிய வேண்டியது நிறைய இருக்கிறது.

1929 ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன், தன் வனப்பகுதியில் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எஸ்டேட்டுகள் உருவாயின. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள் 'லைன்' வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். பின்னர் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி நிலம் அரசுக்கு வந்தது. நிறுவனத்தின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. அது 2028 பிப்ரவரியில் முடிகிறது. இதற்கிடையே அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குத்தகைதாரர் நிறுவனம். குடியிருந்தவர்கள் குத்தகைதாரர்களும் அல்லர், வாடகைதாரர்களும் அல்லர். தோட்டத்தில் தங்கி வேலை செய்பவருக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்றது 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெற்றவர், தம் பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலைக்குச் சேராவிட்டால், பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான்.

கூலிக்காக அவர்கள் ஒன்றுபட்டுப் போராடிய வரலாறு நெல்லைக்குத் தெரியும். 1999 ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கவும் கூலியை உயர்த்தவும் கோரி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. காவல்துறையின் தடியடியில் மக்கள் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்றரை, இரண்டு வயதுப் பாலகனும் ஒருவன். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்ததாக அது சொன்னதைப் பாதிக்கப்பட்டவர்கள் ஏற்கவில்லை.

கூலிக்குச் சங்கம் இருந்தது, வீட்டுக்கு இல்லை. இதுதான் பின்னாளில் பெரிய குறையாகிவிட்டது என்பது நம் கருத்து. 2024 இல் குத்தகை முடியும் முன்பே நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். வீட்டைக் காலி செய்யக் கெடு வைக்கப்பட்டது. ஒருவர் தனியாக உட்கார்ந்து நிறுவனத்தின் தாளில் கையெழுத்திடும்போது பேரம் பேச அவரிடம் என்ன இருக்கிறது? பிறகுதான் வழக்குகள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக உருவான அரசின் 'டான்டீ' நிறுவனமே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசு அறிவித்த மறுவாழ்வு உதவிகளை வழங்க வேண்டும் என்றது.

மார்க்கத்தில் குத்தகைக்கும் கூலிக்கும் ஒரே பெயர்தான்: இஜாரா. இரண்டிலும் காலமும் பயனும் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த ஒருவர் இறந்தால் ஹனஃபி மத்ஹபில் இஜாரா முறிந்துவிடும். ஷாஃபியில் தொடரும். வக்ஃபு வீட்டை ஓராண்டுக்கு மேலும் வக்ஃபு நிலத்தை மூன்றாண்டுக்கு மேலும் விடுவதை ஹனஃபி ஃபுகஹாக்கள் கட்டுப்படுத்தினார்கள். நீண்ட குத்தகை மெல்ல மெல்லச் சொந்தமாக மாறிவிடும் என்று அஞ்சினார்கள். 99 ஆண்டைக் கேட்டால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

சேர்ந்து குரல் கொடுப்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. யமனிலிருந்து மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்த ஒருவரிடம் ஆஸ் இப்னு வாயில் பொருளை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தான். அந்த வெளியூர்க்காரருக்கு மக்காவில் கோத்திரப் பலம் இல்லை. அவர் அபூ குபைஸ் மலையில் ஏறி முறையிட்டார். சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதிக்குள்ளானவர் யாராயினும் அவர் பக்கம் நிற்பதாக உடன்படிக்கை செய்தார்கள். பொருளும் மீட்கப்பட்டது. அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன் அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்பும் அதற்கு அழைத்தால் வருவேன் என்ற கருத்தில் கூறியுள்ளார்கள். அந்த வியாபாரி முஸ்லிமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அப்போது இஸ்லாமிய அழைப்பே தொடங்கியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் வாழும் நம் உறவினர்கள் பலர் நீண்டகாலக் குத்தகையில்தான் ஃபிளாட் வைத்திருக்கிறார்கள். அங்கே குத்தகையை நீட்டிக்கக் கேட்கும் உரிமை 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி, நில உரிமையாளரின் தவறை நிரூபிக்காமலேயே குடியிருப்போர் சேர்ந்து கட்டட நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் பாதி வீட்டாராவது அதில் சேர வேண்டும். தனியொருவர் கேட்டால் நடக்காது.

நம் ஊரில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிவாக வேண்டும். வக்ஃபு இடத்தில் குடியிருப்பவர்கள் முத்தவல்லியின் வாய்ச்சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்க வேண்டும். சொந்த ஃபிளாட் வாங்கியவர்களுக்கு 2022 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. உரிமையாளர் சங்கத்தை அது வலியுறுத்துகிறது. வழக்குச் செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் இனத்தவர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் உண்டு.

மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்க அரசு முன்வந்தது. அப்படி வீடு பெறுவோர், ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது, கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கிரயப் பத்திரம் எப்போது கிடைக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே பிளாக்கில் இருப்பவர்கள் சேர்ந்து மனு கொடுத்து, ஒப்புகை ரசீதின் நகலை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளட்டும்.